வீட்டு முகவரியோடு வெளியே போன மடிக்கணினி

கணக்கு மென்பொருள் கற்றுக்கொடுப்பது என் தொழில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போய் வகுப்பு எடுப்பேன். மீதி நாளில் வீட்டிலிருந்தபடியே வேலை. அன்றைக்குப் பத்து மணிக்கு வகுப்பு. ஒன்பதரைக்கே போய் மடிக்கணினியைத் திறந்து, எழுதிக் கொடுத்த வைஃபை கடவுச்சொல்லைத் தட்டினேன். உடனே இணைந்துவிட்டது. சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. ‘இணைந்துள்ளது, இணையம் இல்லை’ என்ற வரி மட்டும் அசையாமல் இருந்தது.

வைஃபையை அணைத்துப் போட்டேன். மடிக்கணினியையே அணைத்துப் போட்டேன். அந்த நெட்வொர்க்கை மறக்கச் செய்து புதிதாகச் சேர்த்தேன். பத்து மணியாகிவிட்டது, இருபது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் கைப்பேசி அதே வைஃபையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்: குறை அவர்கள் வைஃபையில் இல்லை, என் கணினியில் இருக்கிறது. எங்கே உறைத்தது? அவர்களுடைய வைஃபையைத்தான் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ளும் இளைஞரை அழைத்து வந்தார்கள்.

“மேடம், ஐபி முகவரியைக் கையால் கொடுத்து வைத்திருக்கிறீர்களா?”

“இல்லையே தம்பி, நான் எதையும் தொடவில்லை.”

அவர் பதில் சொல்லவில்லை. கறுப்புச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையைத் தட்டி, பின்னால் ஒரு சாய்கோடும் ‘ஆல்’ என்ற சொல்லும் சேர்த்தார். ஓடி நின்ற வரிகளில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி இயங்குகிறதா என்று காட்டும் வரி அது. அதற்கு எதிரே ‘நோ’ என்று இருந்தது. இரண்டு வரி தள்ளி என் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் என் கணினியை அடையாளம் காட்டும் எண்: 192.168.1.60. பக்கத்தில் இருந்தவருடைய கணினியில் அதே கட்டளையைக் கொடுத்துக் காட்டினார். அங்கே முகவரி 10 என்ற எண்ணில் தொடங்கியது.

“நீங்கள் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள் மேடம்” என்றார்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று நாளைக்கு முன் வீட்டில் ஸ்கேனரோடு மல்லுக்கட்டியிருந்தேன். ஸ்கேன் செய்த தாளை மடிக்கணினியில் உள்ள ஒரு கோப்புறைக்கு நேராக அனுப்பும் வசதி அதில் இருக்கிறது. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதனிடம் சொல்ல வேண்டும். ரௌட்டர் எனக்குக் கொடுக்கும் முகவரியோ அவ்வப்போது மாறிக்கொண்டிருந்தது. சலித்துப்போய், வைஃபை அடாப்டரின் (கணினியை வைஃபையோடு சேர்க்கும் உறுப்பு) பண்புகளைத் திறந்து, 192.168.1.60 என்று நானே எழுதி, கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாக, 192.168.1.1 என்பதையும் போட்டுச் சேமித்தேன். ஸ்கேனர் அடங்கியது. நானும் மறந்துவிட்டேன்.

டிஎச்சிபி என்பது விடுதி வரவேற்பறை போல. உள்ளே வருகிற ஒவ்வொரு கருவிக்கும் காலியாக இருக்கும் ஓர் அறையின் சாவியைக் கொடுத்து, இத்தனை மணி நேரத்துக்கு இது உன்னுடையது என்று சொல்லி அனுப்பும். வெளியே போகும் வாசல் எது, பெயர்களை விசாரிக்க யாரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லும். நான் வரவேற்பறைப் பக்கமே போகாமல், வேறொரு விடுதியின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். வைஃபை இணைப்பு என்பது கட்டடத்துக்குள் நுழைய விடுவது மட்டும்தான். அதனால்தான் சிக்னல் முழுமையாக இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

அன்று இளைஞர் செய்தது ஒரே ஒரு மாற்றம். அடாப்டரில் தானாகவே முகவரி பெறும்படி மாற்றினார், அரை நிமிடத்தில் எல்லாம் திறந்தது. எனக்குத்தான் அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. ஒரு வீட்டுக்கான ஏற்பாடு எப்படி என்னோடு ஊர் சுற்றியது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு அவிழ்ந்தது.

ஒரு மடிக்கணினியில் நெட்வொர்க் தொடர்பான அமைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில, குறிப்பிட்ட ஒரு வைஃபையின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வைஃபையை விட்டு நகர்ந்தால் அவையும் ஓய்ந்துவிடும். சில, அடாப்டரோடு ஒட்டியிருக்கும். எந்த வைஃபைக்குப் போனாலும் கூடவே வரும். சில, கணினி முழுமைக்கும் பொது. இன்னும் சில, உலாவி மாதிரியான ஒரு தனி நிரலுக்குள் ஒளிந்திருக்கும். எந்த மதிப்பை எழுதுகிறோம் என்பதில் யாரும் பெரும்பாலும் தப்புச் செய்வதில்லை. எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

விண்டோஸில் பழைய கண்ட்ரோல் பேனல் வழியாகப் போய் ஐபிவி4 பண்புகளைத் திறந்தால், அது அடாப்டருக்கானது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதிக்கு மேல் இந்த வழியைத்தான் காட்டுகின்றன, எனக்குத் தெரிந்தவரை. மேசைக் கணினிக்கு அது சரி. அது எங்கேயும் போகப்போவதில்லை. மடிக்கணினிக்கு விண்டோஸ் 11-இல் வேறு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபையைத் திறந்து, தெரிந்த நெட்வொர்க்குகளின் பட்டியலில் வீட்டு வைஃபையின் பெயரைத் தொட்டால், அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் ஐபி முகவரியும் டிஎன்எஸ்ஸும் (தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றிச் சொல்லும் சேவை) எழுதிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் இது உண்டு. ஒரு சிறு தொல்லை: சில பதிப்புகளில் சப்நெட் என்ற கட்டத்தில் 255.255.255.0 என்று எழுதினால் சேமிக்க மறுக்கும், என்ன தவறு என்றும் சொல்லாது. அங்கே 24 என்று எழுத வேண்டும். இரண்டும் ஒன்றுதான், முகவரியின் முதல் 24 பிட்டுகள் நெட்வொர்க்கைக் குறிக்கின்றன என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது செலவானது.

இரண்டு இடத்திலும் எழுதி வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும். டிஎன்எஸ் விஷயத்தில் விண்டோஸ் 11 இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. வன்பொருள் பண்புகள் என்ற பக்கத்தில் டிஎன்எஸ் கொடுத்திருந்தால், தனி வைஃபையின் பக்கத்தில், எல்லா வைஃபைக்கும் பொதுவாக டிஎன்எஸ் அமைக்கப்பட்டிருக்கிறது, கீழே உள்ளது பயன்படுத்தப்படாது என்ற அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைப் பார்த்தும் பார்க்காமலும் நான் கீழே உள்ளதை நாலு தடவை மாற்றி எழுதியிருக்கிறேன்.

பழைய பண்புப் பெட்டியில் மாற்று அமைப்பு என்று ஒரு தாவல் உண்டு. அது தெரிந்ததும், இதுதான் நான் தேடியது என்று துள்ளினேன். இல்லை. டிஎச்சிபி எதுவுமே பதில் சொல்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டிய முகவரியை எழுதும் இடம் அது. வீட்டிலும் டிஎச்சிபி இருக்கிறது, அலுவலகத்திலும் இருக்கிறது என்றால் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஏதாவது ஒரு கருவியைக் கேபிளால் நேரே மடிக்கணினியில் செருகிப் பேச வேண்டியவர்களுக்கு அது உதவும்.

அதற்குப் பிறகுதான் ஒன்று புரிந்தது. ஸ்கேனர் பிரச்சினைக்கு மடிக்கணினியில் கையே வைத்திருக்க வேண்டியதில்லை. ரௌட்டரின் அமைப்புக்குள் போய், இந்தக் கருவி வந்தால் எப்போதும் இந்த முகவரியையே கொடு என்று பதிவு செய்துவிடலாம். மடிக்கணினி எல்லா இடத்திலும் தானியங்கியாகவே இருக்கும். வீட்டு ரௌட்டர் மட்டும் அதை அடையாளம் கண்டு அதே 60-ஐக் கொடுக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. நாமாக ஒரு முகவரியை எழுதிக்கொண்டால், ரௌட்டருக்கு அது தெரியாமல், அதே முகவரியை வேறொரு கருவிக்கும் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் இணைப்பு விட்டு விட்டு வரும். ரௌட்டரிலேயே பதிவு செய்தால் அந்தச் சண்டை இல்லை. வீட்டுக்கு நிலையான முகவரி வேண்டும் என்று யார் என்னைக் கேட்டாலும் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

பதிவு செய்தேன். இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம் ஸ்கேனர் மறுபடி முரண்டு பிடித்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. ரௌட்டரின் பட்டியலில் என் மடிக்கணினி இரண்டு முறை இருந்தது: நான் பதிவு செய்ததற்கு நேரே ‘இணைப்பில் இல்லை’, அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஒரு மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் அடையாள எண்) நேரே என் கணினியின் பெயர். இடையில் ஒரு நாள், பொது இடங்களில் யாரும் என்னைப் பின்தொடரக் கூடாது என்று, வன்பொருள் முகவரியை மாற்றிக் காட்டும் வசதியை மொத்தமாக இயக்கி வைத்திருந்தேன். அதன் பிறகு மடிக்கணினி வீட்டிலும் முகமூடி போட்டுக்கொண்டு நுழைந்திருக்கிறது. ரௌட்டருக்கு அடையாளம் தெரியவில்லை.

இதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. மேக் முகவரி இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு ஜோடி. முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் பதித்த முகவரி அல்ல, மென்பொருள் தானாக வைத்துக்கொண்டது. கைப்பேசிகளிலும் இதே கதைதான்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 பதிப்புகளிலிருந்து இந்த முகமூடி வழக்கமாகவே இயங்குகிறது. இந்த வசதி வைஃபையின் பெயரோடு ஒட்டியது என்பதால், பொது இடங்களுக்கு இயக்கிவிட்டு, வீட்டுக்கு மட்டும் அணைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

ஸ்கேனர் கதை அதோடு முடியவில்லை. ஒரு முறை வீட்டு வைஃபையை மறக்கச் செய்து மறுபடி சேர்த்தபோது, விண்டோஸ் அதைப் பொது நெட்வொர்க் என்று வகைப்படுத்திவிட்டது. பொது என்றால் ஃபயர்வால் என்ற தடுப்புச் சுவர் இறுக்கிக்கொள்ளும், கோப்புப் பகிர்வை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. முகவரி சரி, கோப்புறை சரி, கடவுச்சொல் சரி, ஆனாலும் தாள் வந்து சேரவில்லை. தனியார் நெட்வொர்க் என்று மாற்றியதும் வந்தது. வீட்டை மட்டும் தனியார் என்று வையுங்கள். மற்ற எல்லா இடமும் பொதுவாகவே இருக்கட்டும், அது அலுவலகமாகவே இருந்தாலும். அங்கே பிரிண்டர் தெரியவில்லை என்று ஒருவர் வந்து கேட்டுக்கொண்டால் அப்போது யோசிக்கலாம்.

இனி டிஎன்எஸ். இணையத் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிச் சொல்லும் வேலை அதனுடையது. கூகுள் 2009-இல் 8.8.8.8 என்ற சேவையைத் தொடங்கியது. கிளவுட்ஃபிளேர் 2018-இல் 1.1.1.1-ஐத் தொடங்கியது. இவற்றைப் போட்டால் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, அடாப்டரில் 1.1.1.1 என்று எழுதி வைத்தேன். (வேகம் கூடியதா என்று கேட்காதீர்கள். கூடியது போல இருந்தது.) அடுத்த பயணத்தில் ஒரு காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து அங்குள்ள இலவச வைஃபையில் சேர்ந்தேன். அந்த மாதிரி இடங்களில் முதலில் ஓர் உள்நுழைவுப் பக்கம் வரும். கைப்பேசி எண்ணைக் கொடுத்துக் குறியீட்டைப் போட்ட பிறகுதான் வெளியே விடுவார்கள். எனக்கு அந்தப் பக்கம் வரவே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் எந்தச் சிரமமும் இல்லாமல் செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். இப்படிப்பட்ட பல நெட்வொர்க்குகள், நாம் எந்தப் பெயரைக் கேட்டாலும் தங்கள் சொந்த டிஎன்எஸ் மூலம் அந்த உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகின்றன. நானோ அவர்களிடம் கேட்காமல் வெளியே இருக்கும் 1.1.1.1-இடம் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்நுழையும் வரை வெளியே போகும் வாசலை அவர்கள் திறக்கவில்லை. வாசல் திறக்க உள்நுழைய வேண்டும், உள்நுழையப் பக்கம் வர வேண்டும், பக்கம் வர வாசல் திறக்க வேண்டும். டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றியதும் பக்கம் வந்து குதித்தது. உலாவிக்குள்ளேயே பாதுகாப்பான டிஎன்எஸ் என்று ஒரு தனி அமைப்பு இருக்கிறது. அதில் குறிப்பிட்ட ஒரு சேவையைக் கட்டாயமாக்கி வைத்திருந்தாலும் இதே சிக்கல் வரும்.

எல்லாம் தானியங்கியாக இருந்தும் பக்கம் வரவில்லை என்றால் இன்னொரு காரணம் இருக்கலாம். நாம் திறக்கப் பார்க்கும் தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ். இடையில் புகுந்து திருப்பிவிட யாரையும் அனுமதிக்காத வகையில்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. உலாவி சான்றிதழ் எச்சரிக்கையைக் காட்டி நின்றுவிடும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போக வேண்டாம். எஸ் இல்லாத வெறும் எச்டிடிபி முகவரியோடு ‘எக்ஸாம்பிள் டாட் காம்’ என்று தட்டினால் பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும். உங்கள் கணினியும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு முறை இணையும்போதும் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து ஒரு குட்டிக் கோப்பைக் கேட்கும். அதில் ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் வர வேண்டும். வந்தால் இணையம் உண்டு. வேறு ஏதாவது வந்தால், எங்கோ உள்நுழைய வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ளும்.

வெளி டிஎன்எஸ்ஸால் வரும் இன்னொரு இடைஞ்சல் அலுவலகங்களில். கணக்கு சர்வருக்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர் அவர்களுடைய உள் டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும். 8.8.8.8-இடம் போய்க் கேட்டால், அப்படி யாரும் இல்லையே என்று கைவிரிக்கும். இணையம் எல்லாம் ஓடும், அலுவலக சர்வர் மட்டும் கிடைக்காது. இப்போது என் மடிக்கணினியில் அடாப்டரிலும் சரி, வன்பொருள் பண்புகளிலும் சரி, டிஎன்எஸ் தானியங்கி. வீட்டு வைஃபையின் பக்கத்தில் மட்டும் என் விருப்பம்.

ப்ராக்ஸி, அதாவது நமக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர் சர்வர், இன்னும் மோசம். விண்டோஸில் கையால் கொடுக்கும் ப்ராக்ஸி வைஃபையின் பெயரைப் பார்ப்பதில்லை, எங்கே போனாலும் கூடவே வரும். ஓர் அலுவலகத்தில் இரண்டு நாள் வகுப்புக்காகப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் உலாவி எதையும் திறக்கவில்லை. ஆனால் கறுப்புச் சாளரத்தில் பிங், அதாவது ‘இருக்கிறாயா’ என்று தட்டிக் கேட்கும் கட்டளையைக் கொடுத்தால் பதில் வருகிறது! பிங் ப்ராக்ஸி வழியாகப் போவதில்லை, உலாவி போகிறது. அந்த ப்ராக்ஸியோ அலுவலகத்தின் நாலு சுவருக்குள் இருக்கிறது. பிங் ஓடி உலாவி ஓடவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது ப்ராக்ஸியைத்தான். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இதற்குத் தனியாகவே ஓர் அமைப்பு உண்டு. கணினியின் அமைப்பைப் பின்பற்று என்றும் வைக்கலாம், தனக்கென ஒன்றும் வைக்கலாம். அதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அலுவலகத்து ப்ராக்ஸியை ஃபயர்ஃபாக்ஸுக்குள் மட்டும் எழுதி, அந்த உலாவியை அங்கே மட்டும் திறக்கிறேன். கணினியின் பொது அமைப்பு சுத்தமாக இருக்கிறது.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரே ஒரு வேலைதான்: அந்த வைஃபையின் பக்கத்தில் அளவிடப்பட்ட இணைப்பு என்பதை இயக்கிவிடுங்கள். விண்டோஸுக்கு எல்லா வைஃபையும் ஒன்றுதான். கைப்பேசியின் டேட்டாவில் ஓடுகிறோம் என்று அதற்குத் தெரியாமல், பெரிய புதுப்பிப்பு ஒன்றை ஆற அமர இறக்கத் தொடங்கிவிடும். ஒரு முறை ஒரு நாள் டேட்டா முழுவதையும் அரை மணி நேரத்தில் குடித்துவிட்டது. இதுவும் வைஃபையின் பெயரோடு ஒட்டியது என்பதால் வீட்டுக்குத் திரும்பினால் தானாக விலகிவிடும். ஹாட்ஸ்பாட்டுக்கு என்று நினைத்து வீட்டு வைஃபைக்கு இயக்கிவிட்டு, ஏன் காப்புப் பிரதிகள் மேகத்துக்கு ஏறவில்லை என்று பத்து நாள் தேடியதும் நான்தான்.

பெயரோடு ஒட்டியது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன் அல்லவா, அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கணினிக்குத் தெரிவது பெயர்தான், இடம் அல்ல. வீட்டு ரௌட்டர் பழுதாகிப் புதியது வாங்கினோம். எல்லாக் கருவியிலும் கடவுச்சொல்லை மறுபடி தட்டச் சோம்பல்பட்டு, புதிய ரௌட்டருக்கும் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் வைத்தேன். எல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டன. என் மகனின் மடிக்கணினி மட்டும் சேர்ந்தும் ஓடவில்லை. அதில் வீட்டு வைஃபைக்கென்று 192.168.1 வரிசையில் ஒரு முகவரி கையால் எழுதப்பட்டிருந்தது. புதிய ரௌட்டர் 192.168.0 வரிசையில் இருந்தது. பெயர் அதே, வீடு அதே, உள்ளே தெருவே மாறிவிட்டது.

“அம்மா, நீங்கள் வகுப்பில் மாட்டிக்கொண்டதும் இதே மாதிரிதானே?” என்றான். ஆமாம் என்று சொல்வதற்குள் சரி செய்துவிட்டான்.

பெயரை நம்பி இணைவதில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. கடவுச்சொல் இல்லாத ஒரு பொது வைஃபையில் ஒரு முறை சேர்ந்து, தானாக இணைக என்பதை விட்டு வைத்திருந்தால், அதே பெயரில் வேறு யார் வைஃபை வைத்தாலும் மடிக்கணினி போய் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதை மறக்கச் செய்துவிடுங்கள். பெயரை மறைத்து வைத்த வைஃபை பாதுகாப்பானது என்று சிலர் நினைக்கிறார்கள். அது நேர்மாறு. மறைத்த வைஃபையில் தானாக இணைய வேண்டும் என்றால், மடிக்கணினி போகும் இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே அலுவலகத்துக்குப் போகும் தனிச் சுரங்கம் வழியாக, அலுவலகத்தோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஓர் அலுவலகத்து சர்வரின் முகவரி 192.168.1.10. விபிஎன் இணைந்துவிட்டது என்று காட்டும், சர்வர் மட்டும் திறக்காது. என் வீடும் அப்போது 192.168.1 வரிசையில் இருந்தது. அந்த முகவரியைப் பார்த்ததும் மடிக்கணினி, இது நம் வீட்டிலேயே இருக்கிற ஆள் என்று நினைத்து வீட்டுக்குள்ளேயே தேடியிருக்கிறது. சுரங்கத்துக்குள் அனுப்பவே இல்லை. ரௌட்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில் வருவது மிகச் சாதாரணம் என்பதால் இந்த மோதல் அடிக்கடி நடக்கும். மடிக்கணினியில் எதை மாற்றியும் இதற்கு நல்ல தீர்வு கிடையாது. வீட்டு ரௌட்டரின் உள் முகவரியையே யாரும் வைக்காத எண்ணுக்கு, 192.168.73.1 என்று மாற்றிவிட்டேன். ஸ்கேனருக்கும் மடிக்கணினிக்கும் செய்த பதிவுகளை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. போகட்டும், ஒரு நாள் வேலை.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் வேறு விதமாக யோசித்திருக்கிறது. லொகேஷன் என்று ஒன்று. வீடு, அலுவலகம் என்று பெயர் வைத்து, முகவரி, டிஎன்எஸ், ப்ராக்ஸி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம். ப்ராக்ஸியும் மூட்டைக்குள் இருப்பது பெரிய வசதி. ஆனால் மூட்டையை மாற்றுவது நம் பொறுப்பு. வைஃபை மாறியதால் அது தானாக மாறாது. லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் ஒவ்வொரு வைஃபைக்கும் தனிச் சுயவிவரம் வைத்திருக்கிறது. அங்கே கையால் எழுதும் முகவரி அந்தச் சுயவிவரத்தோடுதான் நிற்கும், வெளியே வராது. இந்த ஒரு விஷயத்தில் லினக்ஸ் தான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இப்போதெல்லாம் எங்காவது இணையம் வரவில்லை என்றால் வைஃபையை அணைத்துப் போட்டுப் பார்ப்பதற்கு முன் முகவரியைப் பார்க்கிறேன். அது பலவற்றைச் சொல்லிவிடும். 169.254 என்று தொடங்கினால், டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை, கணினி தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. 172.20.10 என்று இருந்தால் ஐஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறேன். முகவரி சரியாக இருந்தால் கேட்வேக்கு ஒரு பிங், பிறகு 8.8.8.8-க்கு ஒரு பிங், பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு ஒரு பிங். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ். பெயருக்கும் வந்து உலாவி மட்டும் ஓடவில்லை என்றால் ப்ராக்ஸி. கேட்வேக்கே வரவில்லை என்றால் வேறு எதையும் பார்க்காமல் முகவரிக்குத் திரும்பிப் போகிறேன். சில இடங்களில் பிங்குக்குப் பதில் சொல்லாமல் தடுத்து வைத்திருப்பார்கள், ஆகவே இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நெட்வொர்க் ரீசெட் என்ற பொத்தானை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அது எல்லா வைஃபையின் நினைவையும் துடைத்துவிடும், விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டிவரலாம்.

மடிக்கணினியின் முகப்பிலேயே ஓர் எளிய உரைக்கோப்பு வைத்திருக்கிறேன். எந்த இடத்துக்காக எதை மாற்றினேன், எந்தத் திரையில் மாற்றினேன், எந்தத் தேதியில் என்று ஒரு வரி. ‘வீடு: டிஎன்எஸ் கையால், வைஃபை பக்கத்தில். முகமூடி அணைப்பு.’ ‘ஹாட்ஸ்பாட்: அளவிடப்பட்டது.’ இப்படி. நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும்போதுதான் இது தேவைப்படும் என்பதால் மேகத்தில் வைக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே அலுவலகத்துக்கு இன்னொரு வகுப்புக்குப் போனேன். வைஃபையில் சேர்ந்து, புரொஜெக்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த இளைஞர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்.

“மேடம், இந்தத் தடவை வீட்டை விட்டுக் கிளம்பி வந்துவிட்டீர்களா?”

கறுப்புச் சாளரத்தைத் திறந்து, கட்டளையைத் தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினேன். 10-இல் தொடங்கியது.